பச்சை ஃபைலைத் திறக்கிறேன்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது நியமம் பன்னாட்டு மொழி நிலையம். அங்கே ஜெர்மன் படிக்கப் போன முதல் நாள், நூர் பீவிக்குச் செருப்பு கழற்றக் கற்றுக்கொடுத்தார்கள்.

நூர் பீவிக்கு வயது முப்பத்து நான்கு. குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதிமூன்று வருடமாக நர்ஸ். செருப்பை அவள் அதற்கு முன்பும் கழற்றியிருக்கிறாள். கழற்றியதெல்லாம் தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வலது கால் முதல்ல. குதிகால் சுவர் பக்கம். ரெண்டு செருப்புக்கும் நடுவுல ரெண்டு விரல் இடம்" என்றாள் தீபலட்சுமி. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பழக்கவழக்க ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருந்தது. கையில் ஒரு ஸ்கேல்.

"ஜெர்மனியில இப்படித்தான் கழட்டுவாங்களா மேடம்?"

"ஜெர்மன் அப்புறம் வரும். மொதல்ல பழக்கம் வரணும்."

நூர் பீவி நம்பினாள். நம்பாமல் வேறு வழியும் இல்லை. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில், முதியவர்களுக்கான மருத்துவமனை ஒன்று நர்ஸுகளை எடுத்தது. முப்பத்தைந்து வயது முடிந்தவர்களை எடுக்காது. ஆகஸ்ட் வந்தால் அவளுக்கு முப்பத்தைந்து. ஆள் அனுப்பும் ஏஜென்ட், நியமத்தில் ஆறு மாதம் படித்தவர்களை மட்டும்தான் நேர்காணலுக்கு எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டான். வேலை கிடைத்தால், ஒரு வருடத்தில் புருஷன் அஸ்கரையும் நாலு வயது மகள் மஹீனையும் கூட்டிக்கொள்ளலாம். பொழிச்சலூரில் அவர்கள் இருந்தது ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீடு. மழை பெய்தால் கட்டில்மேல் ஏறி உட்கார வேண்டும். பிப்ரவரியில் சேர்ந்தாள், ஜூலைக் கடைசியில் நேர்காணல். ஒரே ஒரு தடவை.

வகுப்பு மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை. மூன்று மணிக்குச் செருப்பு. பிறகு உயரவாரியாக வரிசை. நாற்பது பேரும் மூன்று மூச்சு இழுத்து விட வேண்டும், மூச்சு விடும் சத்தம் ஒரே மாதிரி இல்லாவிட்டால் மறுபடியும் மூன்று. உட்கார்ந்ததும் நாலு ஃபைல் வரும். புதுச் சொற்களுக்குப் பச்சை, திருப்பிப் படிக்க நீலம், சந்தேகத்துக்கு மஞ்சள், தவறுகளுக்குச் சிவப்பு. மேஜையில் நாலும் ஏணிப்படி மாதிரி தெரிய வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஒரு அங்குலம். தீபலட்சுமி ஸ்கேல் வைத்து அளந்துகொண்டே நாற்பது மேஜையையும் சுற்றி வருவதற்குள் நாலரை ஆகிவிடும். மிச்ச அரை மணியில் எல்லாவற்றையும் வந்த வழியே மூடி, அடுக்கி, மூச்சு விட்டு, செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நியமத்தில் மணியை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

நிலையத்தின் இயக்குநர் லக்ஷ்மிநாராயணன். கிண்டியில் ஒரு போல்ட் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வாரமே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"நான் ஒரு போல்ட் கூட செஞ்சதில்லை. செய்யவும் தெரியாது. செய்யத் தெரிஞ்சவன் தரம் பார்க்கக் கூடாது, அவனுக்குப் பாசம் வந்துடும். அதே மாதிரி எனக்கு ஜெர்மன்ல ஒரு எழுத்து தெரியாது. அதனாலதான் இந்த நிலையத்தை நடுநிலையா நடத்த முடியறது. மொழிங்கிறது என்ன? இன்னிக்கு வரும், நாளைக்கு மறந்துடும். ஃபைல் மறக்காது."

நாற்பது பேரும் கைதட்டினார்கள். "கைதட்டு முறை ரெண்டு" என்று தீபலட்சுமி முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

ஜெர்மன் தெரிந்த ஒரு ஆளும் அங்கே இருந்தார், அதை மறைக்கக் கூடாது. பெருங்களத்தூரிலிருந்து பழைய ஸ்கூட்டரில் வரும் ஞானையா. பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில் அச்சு இயந்திரம் ஓட்டியவர். இரண்டாம் வாரம் ஒருநாள் அவர் உள்ளே வந்தபோது வகுப்பு இரண்டாவது மூச்சில் இருந்தது. மனுஷன் அதைக் கவனிக்காமல் போர்டில் ஒரு வாக்கியத்தை எழுதி, முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். அடுத்தவனைக் கேட்டார். அவன் தப்பாகச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சரியாகச் சொல்லிக்காட்டினார். ஏழு நிமிஷம் நடந்தது. நூர் பீவிக்கு அந்த ஏழு நிமிஷமும் அப்படியே மனப்பாடம், ஏனென்றால் ஆறு மாதத்தில் பாடம் என்று நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் ஞானையாவுக்கு மெமோ. 'பழக்க நேரத்தில் பாடம் நடத்தியமை.' அவர் மூன்று வரியில் பதில் எழுதினார். அந்தத் தாளில் ஓரக்கோடு போடவில்லை என்று இரண்டாவது மெமோ. மூன்றாம் வாரம் அவர் வரவில்லை.

போவதற்கு முன்னால் இயக்குநர் கேட்டதற்காகப் பன்னிரண்டு வாக்கியங்களை ஜெர்மனில் மாற்றிக் கொடுத்திருந்தார். அவை தமிழ் எழுத்தில் அச்சாகி, லேமினேஷன் செய்த அட்டையாக எல்லோர் கையிலும் வந்தன. வணக்கம். என் பெயர் இன்னது. நான் கையை உயர்த்துகிறேன். 'இஷ் ஒஃப்னெ டி க்ரூனெ மாப்பெ', அதாவது பச்சை ஃபைலைத் திறக்கிறேன். நீல ஃபைலைத் திறக்கிறேன். இப்படியே போய், பச்சை ஃபைலை மூடுகிறேன், நன்றி என்று முடியும். ஃபைலைத் தொடும்போதெல்லாம் நாற்பது பேரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஞானையா ஒலிநாடாவும் பதிந்து கொடுத்திருந்ததால் உச்சரிப்பு சுத்தமாக வந்தது. அந்த நல்ல மனுஷன் கொடுத்த ஒரே சொத்தும் இப்படி வீணாகப் போயிற்று.

வேறு ஆசிரியர் வருவார் வருவார் என்றார்கள். வரும்வரை பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று, அவருடைய நாற்காலியில் ஓர் அடையாள அட்டையை மாட்டிவைத்தார்கள். நாற்பது பேரும் தினமும் எழுந்து நின்று அந்த நாற்காலிக்கு ஜெர்மனில் வணக்கம் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் நாற்காலிக்கும் ஒரு வரி. ஜூன் மாதம் முழுக்க அது ஒருநாள்கூட லீவு போடவில்லை என்று சிறப்புக் குறிப்பு வேறு.

"அக்கா, அந்த சேருக்கு ஜெர்மனியில வேல கெட்சிடும் போல கீது" என்றான் சாலமன். பம்மலில் இருந்து வருகிறவன், அவனும் நர்ஸ், சானடோரியம் பக்கம் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை. நூர் பீவிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததற்குச் சிவப்பு ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று.

மஞ்சள் ஃபைல் கதையையும் கேளுங்கள். ஜெர்மனில் ஏன் மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால் என்று அவள் ஒரு சந்தேகம் எழுதிப் போட்டாள். மாதம் ஒருமுறை கூடும் சந்தேகக் குழு அதைப் படித்தது. 'சந்தேகம் பெறப்பட்டது. கையெழுத்து நன்று' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தது. அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். அவ்வளவுதான் இருந்தது.

நிலையத்தோடு போய்விட்டால்கூடப் பரவாயில்லை, வீட்டுக்குள்ளும் வந்தார்கள். காலை ஐந்தரைக்குள் படிப்பு மேஜையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்ப வேண்டும். தண்ணீர் பாட்டில் இடது பக்கம், பேனா வலது பக்கம். நூர் பீவி வீட்டில் மேஜை இல்லை. தையல் மிஷினை மூடி அதன்மேல் துணி விரித்துப் படம் எடுத்தாள். 'பின்னணியில் அரிசி டின். கவனச் சிதறல். மீண்டும் அனுப்பவும்' என்று பதில் வந்தது.

அஸ்கர் ஏசி மெக்கானிக். தூக்கக் கலக்கத்தோடு அரிசி டின்னைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"இன்னா நூரு, பாஷ படிக்கப் போனியா, இல்ல போட்டோ ஸ்டூடியோல சேந்துகினியா? ஒரு வார்த்த ஜெர்மன் பேசு பாக்கலாம்."

"பச்சை ஃபைலைத் திறக்கிறேன்" என்று ஜெர்மனில் சொன்னாள்.

"சோக்கா கீதே! இன்னா அர்த்தம்?"

அவள் தண்ணீர் பாட்டிலை இடது பக்கம் நகர்த்தினாள். வெட்கமாக இருந்தது.

வீட்டுப் படிப்புத் தாளில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வாப்பா இறந்து ஒன்பது வருடம் ஆயிற்று என்று சொன்னாள். அப்படியானால் குடும்பத்தில் யாராவது என்றார்கள். அஸ்கர் போட்ட கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது, திரும்பி வந்தது. எரிச்சலில் மஹீன் கையில் பேனாவைக் கொடுத்தாள். குழந்தை கட்டத்துக்குள் ஒரு கோழிக்குஞ்சு வரைந்தது. அது ஏற்கப்பட்டது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பழக்கம், ஒழுங்கு என்றால் என்ன என்று தெரியாதவளா அவள்? ஐசியூவில் மருந்து ட்ரேயை அடுக்குவதில் அவள் கை வைத்தால் வேறு யாரும் திருத்த வேண்டியதில்லை. கை கழுவுவதற்கு ஒரு முறை, ஊசி போடுவதற்கு ஒரு முறை, அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைப்பதற்கு ஒரு முறை. எல்லாம் ஒரு உயிருக்காக. அந்த உயிரை எடுத்துவிட்டு முறையை மட்டும் வைத்துக்கொண்டால் அது என்ன என்று மே மாதம்தான் அவளுக்குப் புரிந்தது.

மே மாதம் தரச்சான்றுக் குழு வரப்போவதாகச் செய்தி. தினமும் படித்தேன், திருப்பிப் பார்த்தேன், எழுதினேன் என்று டிக் போடும் தாள் ஒன்று உண்டு. அதை ஜூலை முப்பத்தொன்று வரை இப்போதே நிரப்பி, ஒவ்வொரு நாளுக்கும் கையெழுத்துப் போடச் சொன்னாள் தீபலட்சுமி. நாற்பது பேரும் குனிந்து போட்டார்கள். நூர் பீவி பேனாவை மூடிவிட்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், இன்னும் வராத நாளுக்கு எப்படி சார் கையெழுத்துப் போடறது? நான் நர்ஸ் சார். ஊசி போடாம சார்ட்டுல கையெழுத்துப் போட்டா எங்க வேலை போயிடும். பேஷன்ட் உயிரும் போயிடும்."

லக்ஷ்மிநாராயணன் அன்பாகச் சிரித்தார். உட்காரச் சொன்னார்.

"நல்ல உதாரணம் சொன்னேள். இப்போ உங்க ஆஸ்பத்திரிக்கு ஆடிட் வர்றது. வர்றவர் என்ன பண்ணுவார்? பேஷன்ட்டை எழுப்பி ஊசி போட்டாளான்னா கேப்பார்? சார்ட்டைத்தானே பார்ப்பார்? சார்ட்ல ஊசி போட்டிருக்கு, அவ்வளவுதான். பேஷன்ட் இருக்கான் போறான், அது அவனவன் உடல்வாகு. இங்கேயும் அப்படித்தாம்மா. ஜெர்மன் வர்றதும் வராததும் மாணவரோட உடல்வாகு. தாள் நம்ம பொறுப்பு."

"போடலைன்னா சார்?"

"போடலைன்னா ஒண்ணும் இல்லை. ஏஜென்ட்டுக்கு அனுப்பற பட்டியல் அந்தத் தாளைப் பார்த்துத்தான் தயாராறது."

அவள் திரும்பி வந்து எழுபத்து ஒன்பது கையெழுத்துப் போட்டாள். பிறகு கழிப்பறைக்குப் போய், அறுவை அரங்குக்குள் நுழைகிறவள் மாதிரி முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினாள். அருவருப்பு போகவில்லை. அவர்கள்மேல் கொஞ்சம், தன்மேல் அதிகம்.

குழு வந்தது. மூன்று பேர். ஃபைல்களின் ஓரக்கோட்டை அளந்தார்கள், செருப்புகளைப் படம் எடுத்தார்கள். 'ஆசிரியரால் வகுப்பில் எழும் தேவையற்ற இரைச்சல்' என்ற கேள்விக்கு 'அறவே இல்லை' என்று எழுதி முழு மதிப்பெண் போட்டார்கள். ஒருவர்கூட யாரையும் ஒரு வார்த்தை ஜெர்மன் பேசச் சொல்லவில்லை. நியமத்துக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. அதைக் கொண்டாடக் கேசரி கொடுத்தார்கள், கேசரி சாப்பிடுவதற்கும் ஒரு முறை இருந்தது, அதை எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அன்றிலிருந்து நூர் பீவி பஸ்ஸில் போகவர ஃபோனில் படிக்க ஆரம்பித்தாள். பொழிச்சலூரிலிருந்து குரோம்பேட்டைக்கு இருபத்தைந்து நிமிஷம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காதில் மட்டும் ஒயர். தலை, வயிறு, வலி, தண்ணீர், மன்னியுங்கள். ஒழுங்கே இல்லாமல், கைக்குக் கிடைத்ததையெல்லாம் பொறுக்கினாள். நூறு நூற்றிருபது சொல் சேர்ந்திருக்கும்.

ஜூலைக் கடைசி செவ்வாய்க்கிழமை நேர்காணல். நியமத்திலிருந்து போகும் முதல் ஆள் அவள்தான். வகுப்பறைச் சுவரில் பெரிய டிவி, அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு நாற்காலி. பின்னால் முப்பத்தொன்பது பேரும் உட்காரவைக்கப்பட்டார்கள். அதற்கு 'ஆதரவுப் பழக்கம்' என்று பெயர்.

திரையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கட்டையாக வெட்டிய நரைமுடி, நர்ஸ் சட்டை. பார்த்த உடனே நூர் பீவிக்குப் பிடித்துப்போயிற்று. தூங்காத கண், நம் இனம். நூர் பீவி வணக்கம் சொன்னாள். பெயர் சொன்னாள். அட்டையில் முதல் இரண்டு வரி. உச்சரிப்பைக் கேட்டு அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. லக்ஷ்மிநாராயணன் கட்டைவிரலை உயர்த்தினார்.

பிறகு அந்த அம்மாள் மெதுவாக, பிரித்துப் பிரித்து ஒரு கேள்வி கேட்டாள். நூர் பீவிக்கு நாலைந்து சொல் பிடிபட்டது. வயதான பெண். இரவு. வலி. அழுகிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

என்ன சொல்வாள்? பதிமூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் சொல்வாள். எங்கம்மா வலிக்குது, கையக் குடுங்க, நான் இங்கதான் இருக்கேன், கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா? தமிழில் அது தொண்டைவரை வந்து நின்றது. பஸ்ஸில் பொறுக்கிய சொற்களைத் தேடினாள். வலி இருந்தது, தண்ணீர் இருந்தது, இரண்டையும் கோக்க நூல் இல்லை. திரையில் அந்த அம்மாள் காத்திருந்தாள். பின்னால் முப்பத்தொன்பது பேர் ஒரே மாதிரி மூச்சு விட்டார்கள். ஆறு மாதப் பழக்கம் என்றால் சும்மாவா? அந்த மூச்சைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்தது.

"இஷ் ஒஃப்னெ டி க்ரூனெ மாப்பெ" என்றாள் நூர் பீவி. பச்சை ஃபைலைத் திறக்கிறேன்.

அந்த அம்மாள் காதில் சரியாக விழவில்லையோ என்று முன்னால் குனிந்தாள். இன்னும் எளிதாக, கையை வயிற்றில் வைத்து வலிப்பதுபோல் நடித்து, மறுபடி கேட்டாள். நூர் பீவி உதட்டைக் கடித்துப் பார்த்தாள். அதையும் மீறி அடுத்த வரி வந்தது, நீல ஃபைல். அதற்கடுத்தது மஞ்சள். நிறுத்த முடியவில்லை. பச்சை ஃபைலை மூடுகிறேன், நன்றி என்பதுவரை ஒரு பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். தாழ்ந்த குரலில், ரொம்ப மரியாதையாக நாலு வாக்கியம் பேசினாள். அதில் 'லைடர்' என்ற சொல் இரண்டு தடவை வந்தது.

"முறை மூணு!" என்றாள் தீபலட்சுமி. முப்பத்தொன்பது பேரும் தாளம் தப்பாமல் கைதட்டினார்கள். திரையில் அந்த அம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு திரை அணைந்தது.

"பார்த்தேளா, எவ்வளவு அடக்கமா பேசினா!" என்றார் லக்ஷ்மிநாராயணன். முகமெல்லாம் பூரிப்பு. "நம்ம பன்னெண்டு வரியையும் முழுசா கேட்டா. நடுவுல ஒரு தடவை கூடக் குறுக்கிடலை. இதுதான் தரம். சரி, கடைசியில என்ன சொன்னா? யாராவது சொல்லுங்கோ."

தீபலட்சுமி ஸ்கேலைப் பார்த்தாள். ஐந்து நட்சத்திர நிலையத்தில், அட்டை மாட்டிய நாற்காலியையும் சேர்த்து, ஒருவருக்கும் தெரியவில்லை.

"வேலை இல்லைன்னு சொன்னாங்க சார்" என்றாள் நூர் பீவி. "லைடர்னா, வருத்தத்தோட சொல்றோம்னு அர்த்தம்."

"லைடரா? அந்த வார்த்தை நம்ம அட்டையில இல்லையேம்மா. எங்கே கத்துண்டேள்?"

"பஸ்ஸுல. ஃபோன்ல."

லக்ஷ்மிநாராயணன் முகத்தில் அன்றுதான் முதன்முதலாக உண்மையான துக்கம் தெரிந்தது. போல்ட்டில் விரிசல் கண்ட துக்கம்.

"அதான். அதாம்மா கெடுத்துடுத்து. முறையில்லாம வெளியில நாலு வார்த்தை கத்துண்டு வந்து உள்ளே கலந்துட்டேள். நான் ஜெர்மனியைக் குறை சொல்ல மாட்டேன்." அவர் எல்லோர் பக்கமும் திரும்பினார். "சிவப்பு ஃபைலை எடுங்கோ. தேதி போடுங்கோ. காரணம்: வெளியே படித்தது."

முப்பத்தொன்பது பேரும் எழுதினார்கள். ஓரக்கோடு விட்டு, அழகாக எழுதினார்கள். ஆறு மாதம் தன்னோடு மூச்சு விட்டவர்கள், தான் தோற்ற காரணத்தை இவ்வளவு நல்ல கையெழுத்தில் எழுதுவதை நூர் பீவி பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அனுமதி கேட்கும் வரி அட்டையில் எட்டாவது. அதைச் சொல்லாமலே வெளியே வந்தாள்.

இரண்டாம் மாடி திரும்பும்போது பின்னால் தடதடவென்று சத்தம். சாலமன் வெறுங்காலோடு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"அக்கா, நில்லுக்கா. அந்த வார்த்தைய இன்னோரு தபா சொல்லு."

"எதுக்குடா உனக்கு?"

"வர்ற செவ்வாக்கெழம என்னிது. எனக்கும் அத்தத்தான் சொல்லப் போறாங்க." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றினான். "தெர்ஞ்சிகினா, இவுங்க கைதட்டறதுக்கு முன்னாடி அந்த டிவியக் கட் பண்ணிக்கலாம்ல?"

அவள் சொன்னாள். அவன் உள்ளங்கையில், கோணல்மாணலாக, எழுதிக்கொண்டான்.